தோற்றத்தைச் சொல்லும் ஆங்கிலம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாடிக்கையாளர் ஒருவர் கோபமாக இருப்பதுபோல் தெரிந்ததை, ‘கஸ்டமர் இஸ் லுக்கிங் லைக் ஆங்க்ரி’ என்று அலுவலக மின்னஞ்சலில் எழுதினேன். ‘லைக்’ வரக் கூடாது என்று உடன் பணிபுரிபவர் திருத்தினார். ஏன் வரக் கூடாது? லுக், சீம், அப்பியர் ஆகிய மூன்றும் ஒரே பொருள் உடையவைதாமே?
– வங்கி ஊழியர், திருச்சி

பதில்: திருத்தியவர் சொன்னது சரி. ‘லுக்ஸ்’ என்ற வினையை அடுத்து ஒருவருடைய நிலையையோ தன்மையையோ குறிக்கும் பெயரடை நேராக வந்துவிடும்: ‘ஹி லுக்ஸ் ஆங்க்ரி.’ பெயர்ச்சொல்லோ முழு வாக்கியமோ தொடர்ந்தால்தான் ‘லைக்’ தேவைப்படும்: ‘ஹி லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்’, ‘இட் லுக்ஸ் லைக் த பேங்க் இஸ் க்ளோஸ்டு.’ தமிழில் ‘கோபமாக இருப்பதுபோல்’ என்று நினைத்துக்கொண்டு எழுதுவதால், அந்தப் ‘போல்’ நம்மை அறியாமலேயே ‘லைக்’ ஆகிவிடுகிறது. இதற்கு நேர் எதிரான பிழை ஒன்றும் உண்டு. கோபமாக, அழகாக, சோர்வாக என்று தமிழில் ‘ஆக’ சேர்த்துப் பழகியவர்கள் ஆங்கிலத்திலும் வினையடையைத் தேடிப் போய், ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்லி’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே ‘பியூட்டிஃபுல்’ என்றாலே போதும்.

மூன்று சொற்களும் நெருங்கிய உறவினர் என்றாலும் ஒன்றல்ல. ‘லுக்’ பழைய ஆங்கிலத்திலிருந்தே இருந்துவரும் சொல். ‘சீம்’ ஸ்காண்டிநேவியரின் பழைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தது. ‘அப்பியர்’ லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாகச் சேர்ந்தது. இப்படிப் பிரெஞ்சு வழியாக வந்த சொற்கள் பல ஆங்கிலத்தில் சற்று உயர்ந்த நடைக்கு உரியவையாக ஒலிக்கும். ‘அப்பியர்’ செய்திகளிலும் காவல்துறை அறிக்கைகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் மிகுதியாகப் புழங்குவதற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன். ‘லுக்’ முதலில் கண்ணுக்கு உரியது. ‘சீம்’ அப்படியல்ல; கண்டது, கேட்டது, முன்பே அறிந்தது அனைத்தையும் சேர்த்துப் பார்த்து மனம் செய்யும் கணிப்பை அது சொல்கிறது.

இந்த வேறுபாடு தொலைபேசியில் பேசும்போது நன்றாக விளங்கும். மறுமுனையில் இருப்பவரின் குரல் தளர்ந்திருந்தால், அவரை நாம் பார்க்கவில்லை என்பதால் ‘யூ லுக் டயர்ட்’ என்று சொல்ல முடியாது; ‘யூ சவுண்ட் டயர்ட்’ என்றே சொல்ல வேண்டும். ஒருவர் சொன்ன யோசனை நன்றாகப் பட்டால் ‘தட் சவுண்ட்ஸ் குட்’ என்பார்கள். முகர்ந்தால் ‘ஸ்மெல்ஸ்’, சுவைத்தால் ‘டேஸ்ட்ஸ்’, தொட்டுப் பார்த்தால் ‘ஃபீல்ஸ்’ என்று எந்தப் புலன் வழியே தெரிந்ததோ அதற்குரிய வினையை ஆங்கிலம் கேட்கிறது. தமிழில் ‘போலிருக்கிறது’ என்ற ஒரே முடிவு இத்தனையையும் தாங்கிக்கொள்வதால், நாம் எல்லாவற்றுக்கும் ‘லுக்ஸ் லைக்’ என்று போட்டுவிடுகிறோம். எழுதுவதற்கு முன் ‘இது எனக்கு எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் சரியான வினை தானே அமைந்துவிடும்.

வங்கியில் இருக்கும் உங்களுக்கு ‘சீம்’ இன்னொரு வகையிலும் உதவும். ‘நீங்கள் படிவத்தைத் தவறாக நிரப்பியிருக்கிறீர்கள்’ என்று நேரே சொன்னால் எதிரில் இருப்பவர் புண்படலாம். ‘தேர் சீம்ஸ் டு பி எ மிஸ்டேக் இன் த ஃபார்ம்’ என்று எழுதினால் தவறும் சுட்டப்படுகிறது, யார் மீதும் பழி விழுவதில்லை. முடிந்துபோன செயலைப் பற்றிய கணிப்பானால் ‘சீம்ஸ் டு ஹாவ்’ என்று தொடர வேண்டும்: ‘த செக் சீம்ஸ் டு ஹாவ் பீன் லாஸ்ட்.’ ‘யூ ஆர் லுக்கிங் வெல்’ என்று சொல்வதில் தவறில்லை. ஆனால் ‘சீமிங்’ என்று நிகழ்தொடரில் எழுதுவதைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நானும் என் தோழிகளும் ‘ஹி இஸ் கமிங் டுமாரோ, இட் சீம்ஸ்’ என்று இயல்பாகப் பேசுகிறோம். இங்கிலாந்தில் படித்துவந்த ஆசிரியை ஒருவர் இது இந்திய ஆங்கிலம் என்கிறார். இதில் என்ன பிழை?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: மிக நல்ல கேள்வி. நீங்கள் சொல்ல வருவது ‘அவர் நாளைக்கு வருகிறாராம்’ என்பது. தமிழின் ‘ஆம்’ ஒரு சிறிய விகுதிதான். ஆனால் ‘இது பிறர் சொல்லக் கேட்டது, நான் நேரில் அறிந்ததன்று’ என்ற முழுச் செய்தியையும் அது சுமந்து நிற்கிறது. தெலுங்கில் ‘அட’, கன்னடத்தில் ‘அந்தெ’, மலையாளத்தில் ‘அத்ரே’ என்று நம் அண்டை மொழிகளிலும் இதற்கு இணையானவை இருக்கின்றன. ஆங்கிலத்தில் இப்படி ஒரு விகுதி கிடையாது. அந்த வெற்றிடத்தில் தென்னிந்தியர் கொண்டுபோய் வைத்ததே வாக்கிய இறுதியில் வரும் இந்த ‘இட் சீம்ஸ்.’

நம்மவர்களுக்குள் இதனால் எந்தக் குழப்பமும் இல்லை. இதை இழிவாகக் கருதுவதையும் நான் ஏற்கவில்லை. சிக்கல் வெளியாரோடு பேசும்போதுதான் வருகிறது. பிரிட்டிஷாரோ அமெரிக்கரோ இதைக் கேட்டால், கிடைத்த அறிகுறிகளை வைத்து நீங்களே ஊகித்துச் சொல்வதாக எடுத்துக்கொள்வார்கள். ‘மருந்து தீர்ந்துவிட்டதாம்’ என்று செவிலியர் கூறியதைச் சொல்கிற நீங்கள், ‘மருந்து தீர்ந்துவிட்டதென்று நினைக்கிறேன்’ என்று சொன்னவராக ஆகிவிடுவீர்கள். மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் இந்த வேறுபாடு சிறியதன்று. சொன்னவர் யாரென்று தெரிந்தால் ‘த நர்ஸ் சேஸ்’ என்று அவரையே குறிப்பிடுங்கள். பொதுவாகக் கேள்விப்பட்டதானால் ‘ஐ ஹியர்’ அல்லது ‘ஐம் டோல்ட்’ என்று தொடங்கலாம். நம் ‘ஆம்’ விகுதிக்குப் பேச்சில் மிக அருகில் வருவது ‘அப்பேரன்ட்லி’: ‘அப்பேரன்ட்லி, ஹி இஸ் கமிங் டுமாரோ.’ இதையும் ‘சீமிங்லி’யையும் ஒன்றாகக் கொள்ள வேண்டாம், ‘சீமிங்லி’ என்றால் மேலுக்கு அப்படித் தெரிகிறது, உள்ளே வேறாக இருக்கலாம் என்ற ஐயமும் பெரும்பாலும் உடன்வரும்.

கேள்வி: ‘ஹௌ டஸ் இட் லுக் லைக்?’ சரியா, ‘வாட் டஸ் இட் லுக் லைக்?’ சரியா?
– வாசகர், மதுரை

பதில்: இரண்டாவதே சரி. ‘எப்படி இருக்கும்?’ என்று தமிழில் கேட்பதால் ‘ஹௌ’ வந்து அமர்ந்துகொள்கிறது. ‘லைக்’ இருந்தால் ‘வாட்’, இல்லாவிட்டால் ‘ஹௌ’ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்: ‘ஹௌ டஸ் இட் லுக்?’ என்பதும் பிழையற்றதே. புதிதாகத் தைத்த சட்டையை அணிந்துகொண்டு கருத்துக் கேட்பவர் ‘ஹௌ டஸ் இட் லுக்?’ என்பார், இதுவரை பார்த்திராத ஒன்றை வருணிக்கச் சொல்பவர் ‘வாட் டஸ் இட் லுக் லைக்?’ என்பார். ‘வாட் இஸ் ஹி லைக்?’ என்பது பெரும்பாலும் ஒருவருடைய குணத்தைக் கேட்பது. ‘ஹௌ இஸ் ஹி?’ என்பதோ நலம் விசாரிப்பது.

கேள்வி: ‘இட் லுக்ஸ் லைக் இட் வில் ரெயின்’ என்று மாணவர்கள் எழுதினால் நான் ‘ஆஸ் இஃப்’ என்று திருத்துகிறேன். ஆனால் ஆங்கிலப் படங்களிலும் பேட்டிகளிலும் எல்லோரும் ‘லைக்’ என்கிறார்களே?
– ஆசிரியர், ஈரோடு

பதில்: இது ஆங்கிலேயரும் அமெரிக்கரும் தமக்குள்ளேயே நெடுங்காலம் வழக்காடிய செய்தி. முழு வாக்கியத்துக்கு முன்னால் ‘லைக்’ வருவது பேச்சில் பல நூற்றாண்டுகளாக இருந்துவருகிறது; இலக்கண ஆசிரியர்கள்தாம் அதை ஏற்க மறுத்தனர். 1954-இல் அமெரிக்காவில் வின்ஸ்டன் சிகரெட்டுக்காக வெளியான விளம்பரத் தொடரில், ‘ஆஸ்’ வர வேண்டிய இடத்தில் ‘லைக்’ இருந்தது என்பதற்காகப் பெரிய சர்ச்சையே எழுந்தது. இன்று பேச்சிலும் கடிதங்களிலும் அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. எனவே மாணவர்கள் உரையாடல் எழுதும்போது ‘லைக்’ போட்டால் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். விண்ணப்பம், அறிக்கை, கட்டுரை ஆகியவற்றில் மட்டும் ‘ஆஸ் இஃப்’ அல்லது ‘ஆஸ் தோ’ எழுதப் பழக்குங்கள்.

அப்படிப் பழக்கும்போது அடுத்து வரும் வினையையும் காட்டிவிடுவது நல்லது. ‘ஹி டாக்ஸ் ஆஸ் இஃப் ஹி வேர் த ஓனர்’ என்றால் அவர் உரிமையாளர் அல்லர் என்பது பேசுபவருக்குத் தெரியும். ‘இட் லுக்ஸ் ஆஸ் இஃப் ஹி இஸ் த ஓனர்’ என்றால் அவர் உண்மையிலேயே உரிமையாளராக இருக்கக்கூடும்.