திருகோணமலையில் இருவர் நடத்தும் சட்ட அலுவலகம்: சந்தா கட்டாமல் தீர்ப்புத் தேட முடியுமா?

பெரும்பாலும் முடியும். உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் புதிய தீர்ப்புகளைத் தங்கள் தளங்களிலேயே இலவசமாக ஏற்றுகின்றன. பழைய தீர்ப்பறிக்கைகளுக்கு லோநெட் (LawNet), கொமன்லீ (CommonLII) ஆகிய இலவசச் சட்டத் தளங்கள். வழக்கிலக்கம் தெரிந்தால் வேலை சுலபம். சொல்லை வைத்துத் தேடும்போதுதான் வில்லங்கம்: ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி டொக்ஸில் திறந்தால் எழுத்தாகும். அப்படி மாற்றும்போது இலக்கங்கள் பிழைக்கலாம்; பிரிவிலக்கங்களை மட்டுமாவது மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

இதைவிட ஆபத்து, மூலச் சட்டத்தின் வாசகத்தில் சேராமல் தனியாக நிற்கும் பிந்திய சட்டங்கள். காணி வழக்கில் 1871ஆம் ஆண்டு ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவை, அதாவது பிறர் காணியைப் பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் உரிமை கோரலாம் என்ற கணக்கை, மட்டும் வாசித்தால் போதாது. யுத்தத்தால் வழக்காட முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கியது. வழக்கிடும் காலவரம்பும் அதிலேயே உண்டு, கவனம். அரசாங்க அச்சகத் தளத்தில் ஆண்டையும் இலக்கத்தையும் கொண்டு தேடுங்கள்.