மாடியில் வைத்த காற்றுமானி தோட்டத்துக் காற்றைச் சொல்லுமா?

கேள்வி: பெங்களூரு ஆனேக்கல் பக்கம் ஒன்றரை ஏக்கரில் ரோஜாவும் தக்காளியும் போட்டிருக்கிறேன் ஐயா. மகன் ஒரு வீட்டு வானிலைக் கருவி வாங்கித் தந்தான். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கட்டினேன். காற்று மணிக்கு 4 கி.மீ. என்று அது காட்டும்போதே, அடிக்கிற மருந்து பக்கத்து வயலுக்குப் பறக்கிறது. எங்கே வைப்பது?

பதில்: கருவியில் கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. தொட்டியின் மறைவில் கிடக்கிற காற்றைத்தான் அது அளக்கிறது. வேறு மூலைக்கு மாற்றினாலும் தீராது. சுவரில் மோதி மேலேறும் காற்று மாடி விளிம்பில் வேகம் கூடும், அப்புறம் கூரைமேல் சுழலும். ஒரு மூலையில் குறைத்துச் சொன்னது இன்னொரு மூலையில் கூட்டிச் சொல்லும்.

வானிலை நிலையங்களில் காற்றுமானி திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் இருக்கும். பக்கத்து மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல 10 மடங்காவது தள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பயிரின் நீர்த்தேவைக் கணக்குக்கு 2 மீட்டர் உயரத்துக் காற்றுதான் வேண்டும். உங்களுக்கு வேண்டியது மருந்து அடிக்கும் நேரமும் சொட்டுநீர்க் கணக்கும். அதனால் கருவியை மாடியிலிருந்து இறக்கித் தோட்டத்துக்குக் கொண்டு போங்கள்.

தோட்டத்தில் எங்கே என்பதுதான் சிக்கல். வரப்போரம் 8 மீட்டர் சில்வர் ஓக் வரிசை இருந்தால் 80 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். சதுரமான ஒன்றரை ஏக்கரின் ஒரு பக்கமே சுமார் 78 மீட்டர்தான். முழு விதிக்கு இடமில்லை, சரி, இருப்பதில் நல்ல இடத்தைப் பிடிப்போம். பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று பெரும்பாலும் மேற்கு, தென்மேற்கிலிருந்து வரும், பனிக்காலத்தில் கிழக்கு, வடகிழக்கிலிருந்து. இந்த இரண்டு பக்கமும் திறந்திருக்கிற இடம் பாருங்கள். குச்சி கட்டிய தக்காளிக்கு நடுவே நடாதீர்கள், செடியே காற்றைத் தடுக்கும். புல்தரையோ வெறுந்தரையோ நல்லது.

குழி தோண்டும் முன் ஒரு சோதனை. நீளக் கழியின் நுனியில் பழைய சேலைக் கிழிசல் ஒரு முழம் கட்டி, நினைத்த இடத்தில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் பாருங்கள். துணி ஒரே பக்கமாக நீண்டு பறந்தால் அந்த இடம் சரி. முறுக்கிக்கொண்டு, பட்டென்று விழுந்து, திரும்பிப் பறந்தால் அங்கே சுழல் இருக்கிறது. நாலடி தள்ளிப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை செய்யுங்கள்.

ஜிஐ பைப்பைக் கான்கிரீட்டில் நட்டு, ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள். சாய்ந்தால் காற்றுமானியின் கிண்ணங்கள் சீராகச் சுற்றாது. ஏப்ரல், மே மாத மாலை இடிமழைக் காற்றுக்குப் பைப் ஆடக் கூடாது, எர்த்தும் கொடுத்துவிடுங்கள். கருவியில் வடக்குக் குறி இருக்கும், அதைச் சரியாக வடக்கே திருப்புங்கள். உங்கள் பகுதியில் திசைகாட்டி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வித்தியாசம் மிகச் சொற்பம், போன் திசைகாட்டியே போதும்.

மழைமானியும் அதே கம்பத்தில் சேர்ந்திருந்தால் 2 மீட்டருக்கு மேல் ஏற்றவே வேண்டாம். உயரப் போகப் போகக் காற்று மழைத்துளியை வாயோரம் தள்ளிவிடும், மழை குறைவாகப் பதியும்.

ஊர் வானிலை அறிக்கையில் வருவது 10 மீட்டர் காற்று. அதை 0.75 ஆல் பெருக்கினால் 2 மீட்டர் காற்று கிட்டத்தட்ட வரும்: அங்கே 12 என்றால் உங்களுக்கு 9 கி.மீ. இந்தக் கணக்கு திறந்த வெளிக்குத்தான். மரம் சூழ்ந்த இடத்தில் உங்கள் கருவி சொல்வதையே நம்புங்கள்.

மருந்து அடிக்க 3 முதல் 10 கி.மீ. வரை நல்ல காற்று. 15-ஐத் தொட்டால் பம்பை இறக்கிவிடுங்கள். விடியற்காலையில் 0 காட்டும்போதும் அவசரப்படாதீர்கள். குளிர்ந்த காற்று தரையோடு படிந்திருக்கும் நேரம் அது. நுண்ணிய துளிகள் இறங்காமல் மிதந்து, நினைக்காத பக்கம் போய்ச் சேரும். வெயில் ஏறி அந்தச் சேலைத் துண்டு மெல்ல அசையத் தொடங்கிய பிறகு அடியுங்கள்.