ஆயிரம் படங்களை அழித்தும் போனில் ஏன் இடம் வரவில்லை?

கேள்வி: அம்மாவிடம் இருப்பது 64 ஜிபி ஆண்ட்ராய்டு போன். மெமரி கார்டு போட வசதி இல்லை. ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று தினமும் வருகிறது. வாட்ஸ்அப் சில நேரம் திறக்கவே மறுக்கிறது. வங்கி ஓடிபிகூட வராமல் போகிறது. கேலரியிலும் கூகுள் போட்டோஸிலும் ஆயிரம் படங்களுக்கு மேல் அழித்துவிட்டேன். இடம் கூடவே இல்லை. கூகுள் போட்டோஸில் பேக்அப் ஓடிக்கொண்டிருக்கிறது. மறைந்த அப்பா அனுப்பிய குரல் பதிவுகள் வாட்ஸ்அப்பில் இருக்கின்றன. அவை போய்விடக் கூடாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் அழிப்பதை நிறுத்துங்கள். பேக்அப் ஓடும் கணக்கில், கூகுள் போட்டோஸ் ஆப்பைத் திறந்து ஒரு படத்தை அழித்தால் அது போனிலிருந்து மட்டும் போகாது. கூகுள் கணக்கிலிருந்தும் சேர்ந்தே போகும். ‘அங்கே ஒரு காப்பி இருக்குமே’ என்ற நம்பிக்கையில் பேரப்பிள்ளைகளின் படங்களை இழந்தவர்கள் நிறையப் பேர்.

நல்ல வேளையாக, அழித்தவை இன்னும் ‘பின்’ (Bin) என்ற குப்பைத்தொட்டிப் பகுதியில்தான் கிடக்கின்றன. பேக்அப் ஆன படங்களை கூகுள் போட்டோஸ் 60 நாட்களும், ஆகாதவற்றை 30 நாட்களும் அங்கே வைத்திருக்கும். இடம் கூடாததற்கும் அதுவே காரணம். ஆண்ட்ராய்டு 11 முதல், அழித்த படம் இருந்த ஃபோல்டரிலேயே இருக்கும். பெயர் மட்டும் மாறும். ஃபைல் மேனேஜரில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லிவிட்டு கேமரா ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஒரு புள்ளி, ‘ட்ராஷ்ட்’ என்ற சொல், ஒரு நீண்ட எண், அதன் பின்னால் படத்தின் பழைய பெயர் என்று வரிசையாக நிற்கும். 4 எம்பி படம் இப்போதும் 4 எம்பிதான்.

எனவே கூகுள் போட்டோஸில் ‘பின்’ பகுதிக்குப் போங்கள். ஒருமுறை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பாருங்கள். வேண்டியதை ‘ரெஸ்டோர்’ செய்யுங்கள். அதற்குப் பிறகே ‘எம்ப்டி பின்’. போனோடு வந்த கேலரி ஆப்பில் தனியாக ஒரு ட்ராஷ் இருக்கும். ஃபைல் மேனேஜரிலும் இருக்கலாம். மூன்றையும் பாருங்கள். நீங்கள் அழித்த அளவுக்கு இரண்டு மூன்று ஜிபி இதிலேயே வந்துவிடலாம்.

ஓடிபி வராததற்குக் காரணம் நெட்வொர்க் என்று நினைத்திருப்பீர்கள். போனில் இடம் முற்றிலும் தீர்ந்துவிட்டால், ஆண்ட்ராய்டு புதிய எஸ்எம்எஸ்ஸை ஏற்காமல் திருப்பிவிடும். எழுதி வைக்க இடமில்லை என்பதே காரணம். வாட்ஸ்அப் திறக்க மறுப்பதும் இப்படித்தான்: தன் தகவல் கோப்பில் எழுத அதற்குக் கொஞ்சம் காலி இடம் வேண்டும். அந்த நேரத்தில் யாராவது ‘அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க’ என்று சொன்னால் கேட்காதீர்கள். பேக்அப் இல்லாமல் நீக்கினால் அரட்டைகள் போய்விடும். பின்னைக் காலி செய்து கொஞ்சம் இடம் உண்டாக்கினால் வாட்ஸ்அப் தானாகவே திறக்கும்.

இனி அப்பாவின் குரல். வேறெதையும் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள். போனை யூஎஸ்பி கேபிளில் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். போனின் மேல் பகுதியை இழுத்தால் ‘சார்ஜிங்’ என்று வரும். அதைத் தொட்டு ‘ஃபைல் ட்ரான்ஸ்ஃபர்’ என்று மாற்றுங்கள். பிறகு ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் வாட்ஸ்அப்பின் பெயர் கொண்ட ஃபோல்டர், அதற்குள் வாட்ஸ்அப், மீண்டும் மீடியா என்று உள்ளே போங்கள். பழைய போன்களில் வாட்ஸ்அப் ஃபோல்டர் வெளியிலேயே இருக்கும். அங்கே ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்ற ஃபோல்டரை முழுவதுமாக கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யுங்கள். உள்ளே வாரத்துக்கு ஒன்றாகப் பல சிறு ஃபோல்டர்கள் இருக்கும். ஒவ்வொரு பதிவின் பெயரும் ‘பிடிடி’ என்று தொடங்கி, ஆண்டு, மாதம், தேதி ஒட்டி வரும், முடிவில் ‘ஓபஸ்’. அனுப்பியவர் பெயர் அதில் இருக்காது. ஆகவே அப்பாவின் அரட்டையைத் திறந்து தேதியைப் பார்த்து, அதே தேதிக் கோப்பைக் கண்டுபிடித்து, பெயர் மாற்றி வையுங்கள். குரல் பதிவுகள் மிகச் சிறியவை. இடத்துக்காக அந்த ஃபோல்டரில் கைவைக்க வேண்டிய அவசியமே இல்லை.

காப்பி செய்யும்போது ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ மட்டும். பாதியில் கேபிள் அசைந்தால் இரு பக்கமும் இல்லாமல் போகும் ஆபத்து ‘கட்’டில் உண்டு. முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றா என்று பாருங்கள். நான்கைந்தை ஓட்டிக் கேளுங்கள். பிறகு இன்னொரு காப்பியை பென்டிரைவிலோ குடும்பத்தில் வேறொருவரின் கம்ப்யூட்டரிலோ வைத்துவிடுங்கள். ஒரே பென்டிரைவை நம்பி இருக்க வேண்டாம்.

இதை முடித்தபின் வாட்ஸ்அப்பைச் சுத்தம் செய்யலாம். அம்மாக்களின் போன்களில் பெரும்பாலும் இடத்தைத் தின்பது இதுதான். செட்டிங்ஸ், ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’. மேலே ‘பலமுறை ஃபார்வேர்ட் ஆனவை’, ‘5 எம்பிக்கு மேற்பட்டவை’ என்று இரண்டு தொகுப்புகள் தெரியும். முதலில் 5 எம்பி தொகுப்பைத் திறந்து, அளவு வாரியாக அடுக்கச் சொல்லுங்கள். கோயில் கும்பாபிஷேக வீடியோ, சமையல் வீடியோ, அரசியல் பேச்சு எல்லாம் மேலே வந்து நிற்கும். இங்கே நூறு வீடியோவை நீக்கினால் வரும் இடம், ஆயிரம் ‘காலை வணக்கம்’ படங்களை நீக்கினாலும் வராது; அந்தப் படங்கள் ஒவ்வொன்றும் பெரும்பாலும் நூறு இருநூறு கேபிதான். படம் படமாக உட்கார்ந்து அழித்து நீங்கள் களைத்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதற்குக் கீழே, எந்த அரட்டை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் பெரியதிலிருந்து சிறியதாக வரும். குடியிருப்போர் குழு, பள்ளித் தோழிகள் குழு, உறவினர் குழு என்று முதல் ஐந்தாறைப் பார்த்தால் போதும். அப்பாவின் அரட்டை பட்டியலில் எங்கே இருந்தாலும் அதைத் திறக்காதீர்கள். இங்கே நீக்கும் எதுவும் அரட்டையிலிருந்தும் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பலருக்கும் தெரியாத இடம் ஒன்று உண்டு. அம்மா ஒரு வீடியோவை அனுப்பினால், வாட்ஸ்அப் அதன் சுருக்கிய காப்பி ஒன்றைத் தன் ஃபோல்டரில் வைத்துக்கொள்ளும். ‘வாட்ஸ்அப் வீடியோ’வுக்குள்ளும் ‘வாட்ஸ்அப் இமேஜஸ்’ஸுக்குள்ளும் ‘சென்ட்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறதே, அதுதான். கேலரியில் அது தெரியாது. மூலப் படம் கேமரா ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு, சென்ட் ஃபோல்டர்களில் உள்ளவற்றை ஃபைல் மேனேஜர் வழியாக நீக்கலாம். அரட்டையில் அந்தப் படங்கள் மங்கலாகத் தெரியும், தொட்டால் திறக்காது. அது அம்மாவுக்குப் பரவாயில்லை என்றால் மட்டும் செய்யுங்கள்.

வாட்ஸ்அப் ஃபோல்டரிலேயே ‘டேட்டாபேஸஸ்’ என்றும் ஒன்று இருக்கும். அரட்டைகளின் உள்ளூர் பேக்அப் தினமும் விடியற்காலை 2 மணி வாக்கில் அங்கே சேரும். கடைசி ஏழு நாட்களின் கோப்புகள்வரை இருக்கும். நெடுநாள் பயன்பாட்டில் ஒவ்வொன்றும் சில நூறு எம்பிகூட ஆகலாம். பெயரில் தேதி உள்ள பழைய கோப்புகளை நீக்கலாம். தேதி இல்லாத ‘எம்எஸ்ஜிஸ்டோர்’ கோப்பை மட்டும் தொடாதீர்கள். அதுதான் கடைசி பேக்அப்.

அடுத்து கேமரா. உங்கள் பேக்அப் முடிந்துவிட்டதா என்று கூகுள் போட்டோஸின் வலது மேல் மூலையில் உள்ள கணக்குப் படத்தைத் தொட்டுப் பாருங்கள். ‘பேக்அப் முடிந்தது’ என்று வந்தால், அதே இடத்தில் உள்ள ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தொடலாம். கணக்கில் பத்திரமாக ஏறிவிட்ட படங்களைப் போனிலிருந்து மட்டும் மொத்தமாக நீக்க எளிய வழி இது. அதற்கு முன், வேறொரு போனிலோ கம்ப்யூட்டரிலோ அம்மாவின் கணக்கைத் திறந்து, பழைய படம் ஒன்றும் நேற்று எடுத்த படம் ஒன்றும் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. ஆனால் தவிர்க்கக் கூடாதது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 2021 ஜூன் 1 முதல் கூகுளில் ஏற்றும் படங்களெல்லாம் 15 ஜிபி இலவச வரம்புக்குள்தான். ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அந்த 15. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்அப்பும் இப்போது அதே கணக்கில்தான் சேர்கிறது. வரம்பு நிரம்பினால் புதிய படங்கள் பேக்அப் ஆகாமலே நின்றுவிடும். அம்மாவுக்கு அந்த எச்சரிக்கை புரிய வாய்ப்பில்லை. எனவே வாட்ஸ்அப்பின் ‘சாட் பேக்அப்’ பகுதியில் ‘இன்க்ளூட் வீடியோஸ்’ஸை அணைத்துவிடுங்கள். போட்டோஸின் பேக்அப் தரத்தை ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று மாற்றுங்கள்: 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படங்களை அந்த அளவுக்கும், பெரிய வீடியோக்களை 1080பி அளவுக்கும் குறைத்து ஏற்றும். வீட்டில் பார்க்கவும் சாதாரண அளவில் பிரிண்ட் போடவும் தாராளமாகப் போதும்.

புதிதாக எடுக்கும் வீடியோவின் அளவையும் பாருங்கள். 1080பி, நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி. 4கே என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பேத்தியின் பத்து நிமிட நடனம் 4கேவில் மூன்றரை ஜிபி ஆகிவிடும். கேமரா செட்டிங்ஸில் 1080பி, 30 என்று வையுங்கள். அங்கேயே ‘ஹை எஃபிஷியன்சி’ அல்லது ‘ஹெச்இவிசி’ என்ற தேர்வு இருந்தால் அதையும் போடுங்கள். அளவு ஏறக்குறையப் பாதியாகும். மிகப் பழைய கம்ப்யூட்டர்களில் மட்டும் அந்த வீடியோ ஓட மறுக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. யூடியூபிலும் ஓடிடி ஆப்களிலும் டவுன்லோட் செய்தவற்றை அந்தந்த ஆப்புக்குள் போய்த்தான் நீக்க முடியும், கேலரியில் தெரியாது. டெலிகிராம் இருந்தால் அதன் செட்டிங்ஸில் ‘டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்’, ‘ஸ்டோரேஜ் யூசேஜ்’ போய் கேஷை (ஆப் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கோப்புகளை) அழித்து, ‘கீப் மீடியா’வை ஒரு வாரம் என்று வையுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரே மின்கட்டண ரசீது நான்கு முறை இருக்கும். பிளே ஸ்டோரின் பொது செட்டிங்ஸில், பயன்படுத்தாத ஆப்களைத் தானாக ஆர்க்கைவ் செய்யும் வசதியை இயக்குங்கள். உள்ளே உள்ள தகவல் போகாது, ஆப்பின் பெரும்பகுதி மட்டும் போனிலிருந்து நீங்கும்.

ஆப் பக்கத்தில் ‘கிளியர் கேஷ்’, ‘கிளியர் டேட்டா’ என்று இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கும். கேஷை அழித்தால் எதுவும் இழப்பில்லை; ஆனால் சில நாளில் மறுபடி நிரம்பிவிடும், அதை நிரந்தரத் தீர்வாக எண்ண வேண்டாம். டேட்டாவை அழித்தால் ஆப் புதிதாகப் போட்டதுபோல ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் ஒருபோதும் அதைத் தொடாதீர்கள். ‘ஒரே தட்டில் சுத்தம்’ என்று விளம்பரம் செய்யும் கிளீனர் ஆப்களும் வேண்டாம். பெரும்பாலானவை இதே கேஷைத்தான் அழிக்கின்றன. பதிலுக்கு எல்லாக் கோப்புகளையும் பார்க்க அனுமதி கேட்டு, விளம்பரங்களை நிரப்புகின்றன. கூகுளின் ‘ஃபைல்ஸ்’ ஆப் போதும்.

செட்டிங்ஸில் ஸ்டோரேஜைப் பார்த்தால் ‘சிஸ்டம்’ என்று பத்து ஜிபிக்கு மேல், சில போன்களில் இருபதை நெருங்கிக்கூடக் காட்டும். அது ஆண்ட்ராய்டும் கம்பெனி ஆப்களும் பிடித்த இடம். அதைக் குறைக்க வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 64 ஜிபி போனில் உண்மையில் உங்கள் கைக்கு வருவது நாற்பது சொச்சம்தான். அதில் ஐந்தாறு ஜிபி எப்போதும் காலியாக இருக்கட்டும். போனின் சேமிப்பகமான ஃபிளாஷ் மெமரி நிரம்பிவழியும்போது ஒவ்வொரு முறை எழுதவும் பழையதை நகர்த்தி, அழித்து, இடம் உண்டாக்க வேண்டியிருக்கும். போன் இழுப்பது அதனால்தான்.

கடைசியாக, இதெல்லாம் மறுபடி சேராமல் இருக்க வாட்ஸ்அப்பில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’வுக்குள் ‘மீடியா ஆட்டோ டவுன்லோட்’ பகுதிக்குப் போங்கள். மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோ, டாக்குமெண்ட் இரண்டையும் நீக்குங்கள். படங்களை விட்டுவிடலாம்; பேரப்பிள்ளைகளின் படத்தைப் பார்க்க அம்மா ஒவ்வொன்றாகத் தொட வேண்டியதில்லை. குரல் பதிவுகள் எப்போதும் தானாகவே இறங்கும். ‘மீடியா விசிபிலிட்டி’யை அணைத்தால் இடம் மிச்சமாகும் என்று சிலர் சொல்வார்கள். அது கேலரியில் காட்டாமல் மறைக்கும், அவ்வளவுதான். கோப்பு போனிலேயே இருக்கும். இத்தனையும் செய்த பிறகும் ஐந்து ஜிபி காலி இடம் நிற்கவில்லை என்றால், பேக்அப் முடிந்த படங்களுக்கு ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ஸை மாதம் ஒருமுறை நீங்களே போட்டுக் கொடுங்கள். அடுத்த போன் வாங்கும்போது 128 ஜிபிக்குக் கீழே பார்க்க வேண்டாம்.