வகுப்புப் பிரிப்பு எழுமாறாக நடந்ததா?

கேள்வி: எங்கள் பாடசாலையில் தரம் 6 மாணவர்கள் 120 பேரையும் எழுமாறாக (யாரையும் பார்த்துத் தெரிவுசெய்யாமல், குலுக்கல் போல) மூன்று வகுப்புகளாகப் பிரித்ததாகக் கூறுகின்றனர். ஆனால், புலமைப்பரிசில் பரீட்சையில் கூடிய புள்ளி பெற்றவர்கள் அனுபவமிக்க ஓர் ஆசிரியையின் வகுப்பிலேயே சேர்ந்திருப்பதாகத் தெரிகிறது. இதைச் சோதிக்க முடியுமா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: முடியும், சகோதரி. புலமைப்பரிசில் புள்ளிகள் இந்தப் பிரிப்புக்கு முன்பே கிடைத்தவை என்பதால் அவற்றையே அளவுகோலாகக் கொள்ளலாம். ஒவ்வொரு பிள்ளையின் புள்ளியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சீட்டுகளை நன்றாகக் குலுக்கி, நாற்பது நாற்பதாகப் பிரித்து, மூன்று சராசரிகளில் மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் இடையிலான இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். இதையே கணினியில் 1000 தடவை செய்யும்போது, உண்மையான வகுப்புகளில் காணும் அளவு அல்லது அதைவிடப் பெரிய இடைவெளி பத்துத் தடவைகூட வராவிட்டால், பிரிப்பு எழுமாறானது என்ற கூற்றை நம்புவது கடினம். இடைவெளி அளவுக்கு மீறிச் சிறியதாக இருந்தாலும், யாரோ புள்ளிகளைப் பார்த்துச் சமப்படுத்தியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். அப்படிச் சமப்படுத்துவது பிள்ளைகளுக்கு நியாயமான ஏற்பாடுதான், ஆயினும் எழுமாறு அன்று.

ஆசிரியர் விடயத்தில், அமெரிக்கப் பொருளியலாளர் ஜெசி ரொத்ஸ்டைன் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நுட்பமான வழியைக் காட்டியது. அடுத்த ஆண்டு கற்பிக்கப்போகும் ஆசிரியர், அதற்கு முந்திய ஆண்டில் மாணவர்கள் கண்ட முன்னேற்றத்துக்குக் காரணமாக இருக்க இயலாது. அப்படியிருந்தும் வட கரோலினா மாநிலத் தரவுகளில் அத்தகைய தொடர்பு தென்பட்டது; அதாவது, மாணவர்கள் ஆசிரியர்களிடம் எழுமாறாகப் பிரிக்கப்படவில்லை. ஆகவே, உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியையின் திறமையை வகுப்புச் சராசரியைக் கொண்டு மட்டும் மதிப்பிட வேண்டாம். புள்ளிப் பட்டியலை அதிபரிடம் பெயர்களின்றிக் கேளுங்கள்.