உடைக்கு வண்ணம் தீட்டச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தீட்டுகிறார்கள். அவரவர் விருப்பம் வெளியே வர என்ன செய்யலாம்?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, கையில் கொடுக்கும் படத்தில்தான். இரட்டைச் சடை, சுருக்கு வைத்த கவுன், சிரித்த முகம் என்று எல்லாவற்றையும் பெரியவர்களே வரைந்துவிட்டால், பிள்ளைக்கு மிஞ்சுவது கோட்டுக்குள் நிரப்பும் வேலை மட்டும்.

முகமும் உடம்பும் வேண்டாம், வெறும் உடையைக் கொடுங்கள். தாளை நீளவாக்கில் மடித்து, மடிப்போரத்தை ஒட்டிப் பாதிச் சட்டை வரைந்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒத்து வரும். பாவாடை, குர்தா, டிரவுசர் என்று நாலைந்து வகை வெட்டி மேசையில் பரப்புங்கள். வேட்டிக்கு ஒரு செவ்வகம் போதும். பிள்ளையே எடுக்கட்டும். பையன் பாவாடையை எடுத்தால் திருத்தாதீர்கள். இதற்குச் சண்டைக்கு வருபவர்கள் உண்டு, தெரியும். ஏழு வயதுப் பிள்ளை காகிதத்தில் தீட்டுவதால் எந்தக் குடியும் முழுகாது.

“என்ன கலர் பிடிக்கும்?” என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் பிள்ளை ரோஸ் என்றதும் வரிசை முழுக்க ரோஸ்தான். “இதைப் போட்டுக்கிட்டு எங்கே போகப் போறே?” என்று கேளுங்கள். தேருக்கு, மழையில் விளையாட, ஆச்சி வீட்டுக்கு என்று பதில் பிரியும், நிறமும் பிரியும். பிறகு ஆளுக்கு நான்கு கிரேயான் எடுக்கச் சொல்லிப் பெட்டியை மூடிவிடுங்கள். வெளிர் நிறம் முதலில், கறுப்பு கடைசியில். மாற்றிச் செய்தால் கறுப்பு மெழுகு மஞ்சளில் இழுபட்டு அழுக்காகிவிடும். ஜெராக்ஸ் தாளில் ஸ்கெட்ச் பேனா மறுபக்கம் ஊறும், திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் நைந்து கிழியும். கிரேயான் மேல் ஸ்கெட்ச் பேனா ஓடவே ஓடாது, முனையில் மெழுகு அடைத்துக்கொள்ளும்.

பிள்ளைகள் சொக்கிப்போவது சுங்குடியில்தான். மதுரைச் சுங்குடிச் சேலையில் முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாது, புள்ளி தங்கும். அதையே காகிதத்தில் செய்யலாம். கெட்டியான டிராயிங் தாளில் மெழுகுவத்தித் துண்டால் அழுத்திப் புள்ளி வைத்து, மேலே நீர்த்த வாட்டர் கலரை ஒரே இழுப்பாகப் பூசினால் புள்ளிகள் வெள்ளையாக எழும்பும். போஸ்டர் கலர் என்றால் கெட்டியாக இருந்து மெழுகையே மூடிவிடும். வெள்ளைத் தாளில் மெழுகுப் புள்ளி கண்ணுக்குத் தெரியாமல் பிள்ளை தடுமாறும். தாளைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் மினுங்கும். கட்டம் போட்ட துணி வேண்டுமென்றால் கலர் பென்சில்தான் சரி. மஞ்சள் பட்டைக்குக் குறுக்கே நீலப் பட்டை ஓட்டினால், வெட்டும் இடமெல்லாம் தானாகப் பச்சையாகும்.

முகம் வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்டியில் ‘ஸ்கின் கலர்’ என்று இருப்பது வெளிறிய ஆரஞ்சு. நம் வகுப்பில் எத்தனை பிள்ளைக்கு அந்த நிறம்? அமெரிக்காவில் கிரேயோலா என்ற கிரேயான் நிறுவனம் அந்த மாதிரிப் பெயரை 1962-லேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. இங்கே ஆசிரியர்களே இன்னும் “ஸ்கின் கலரை எடு” என்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மதிப்பெண்ணும் ஸ்டாரும் போடாதீர்கள். ஸ்டார் வாங்கிய தாளைத்தான் அடுத்த முறை மொத்த வகுப்பும் பார்த்துத் தீட்டும். அதற்குப் பதில், இது எங்கே போட்டுப்போகும் உடை என்று பிள்ளை சொன்னதைத் தாளின் பின்பக்கம் அதன் வார்த்தையிலேயே எழுதிவையுங்கள்.