பட்டறை பதில்கள்: ஹெட்டை இறக்குவதற்கு முன் ஃபேனைப் பாருங்கள்

அண்ணாச்சி, எட்டு வருடப் பெட்ரோல் கார் வைத்திருக்கிறேன். திருநெல்வேலிக்கு வரும் வழியில் ரயில்வே கேட்டில் நின்றால் ஹீட் முள் மேலே ஏறுகிறது. கேட் திறந்து வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறது. ஒரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். செய்துவிடலாமா?
(வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பொறுங்கள். விடையை நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலை ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேனுடையது. அது சுற்றவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடுதான் கேஸ்கெட். அது போன வண்டி கேட்டில் மட்டும் பார்த்துச் சூடாகாது, நான்குவழிச் சாலையிலும் சூடாகும்.

காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் ஃபேன் சுற்றியாக வேண்டும். சுற்றவில்லையா? ஃபியூஸ், ரிலே, ஒயர் முனை, கடைசியாக மோட்டார். இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். ரிலே என்பது தீப்பெட்டியில் பாதி அளவுள்ள கறுப்புப் பெட்டி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஏசிக்குச் சுற்றுகிறது, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் வெப்பத்தை அறிந்து சொல்லும் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். விரலை மட்டும் ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சில வண்டிகளில் சாவியை அணைத்த பிறகும் அது திடீரென்று சுற்றும். 

ஃபேன் நன்றாக இருந்தால் அடுத்தது ரேடியேட்டர் மூடி. வெறும் மூடிதானே என்று நினைக்கிறோம். உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 120 வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்துப்போனால் 100ஐத் தொட்டதும் கொதித்து வெளியே கொட்டும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறந்து முகம் வெந்துபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரமாவது ஆறட்டும்.

கேஸ்கெட் உண்மையிலேயே போயிருந்தால் வேறு அடையாளங்கள் இருக்கும். ரேடியேட்டரில் ஓடும் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், வெளியே எங்கும் ஒழுகாமல் குறையும். சைலன்சரில் வெள்ளைப் புகை வரும். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு படியலாம். ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டர் குழாய் கல்லைப்போல் இறுகும். இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் ஹெட்டை இறக்கச் சொல்பவரிடம், எதைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள்.

கேட்க எனக்கு உரிமை உண்டு, ஏனென்றால் நானே அப்படிச் செய்தவன். 1999இல் பேட்டையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது ஒரு மாருதி 800 இதே குறையோடு வந்தது. வேகம் காட்டும் வயது. முழு நாள் உட்கார்ந்து ஹெட்டை இறக்கினேன். கேஸ்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், நான்கு ஓரமும் நூல் பிடித்ததுபோல் இருக்கிறது. எங்கும் ஒரு கரிந்த கோடுகூட இல்லை. புதியதைப் போட்டு வண்டியை அனுப்பினேன். மறுநாள் அதே சூட்டோடு வந்து நின்றது. குறை, சூடு ஏறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ சுவிட்ச்! முதலாளி என்னைத் திட்டவில்லை, என் கூலியில் பிடித்துக்கொண்டார்.

இன்னொன்று. கூலன்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர்க்காரருக்கு இது புரியாது. திசையன்விளை, உவரிப் பக்கத்திலிருந்து வரும் ரேடியேட்டர்களைத் திறந்தால் கெட்டிலுக்குள் படிவதுபோல் உப்பு படிந்திருக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்தது போதும்.

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் பேத்தியின் பள்ளிக்கும் மட்டும் ஓட்டுகிறேன். வருடத்துக்கு 2,500 கிலோமீட்டர் கூட வராது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும், கறுத்துவிட்டது என்கிறார் மெக்கானிக். டாஷ்போர்டில் எரியும் விளக்குகளும் எனக்குப் புரிவதில்லை.
(வாசகி, பாளையங்கோட்டை)

டீச்சர், ஆயில் கறுப்பது குற்றமில்லை. இன்ஜினுக்குள் இருக்கும் கரியைத் தன்னோடு ஏற்றிக்கொள்வதும் அதன் வேலைதான். இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், இதில் எது முந்துகிறதோ அது கணக்கு. உங்களுக்கு வருடம்தான் முந்தும். வண்டியோடு வந்த குறிப்புப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஓடியது குறைவு என்று இரண்டு மூன்று வருடம் விட்டுவிடவும் கூடாது. இரண்டு கிலோமீட்டர் போய் அணைக்கும் இன்ஜின் முழுதாகச் சூடேறுவதில்லை. ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் தங்கிவிடும். மாதம் ஒருமுறை பேத்தியை ஏற்றிக்கொண்டு பாபநாசம் வரை போய்வாருங்கள். வண்டிக்கும் நல்லது, அவளுக்கும் பிடிக்கும்.

விளக்குகளில் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டுங்கள். ஆனால் எண்ணெய்க் கிண்டி போன்ற படம் சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள், வீடு தெரிந்தாலும் சரி. ஆயில் குறைந்திருக்கிறது என்று மட்டும் அதற்கு அர்த்தமில்லை. ஆயிலின் அழுத்தமே இறங்கிவிட்டது, இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கைத் தாங்கும் பேரிங்குகள் வறண்டு உரசுகின்றன என்று பொருள். அடுத்த தெருவுக்குள் இன்ஜின் இறுகி நின்றுவிடலாம்.

பழைய டஸ்டர் டீசல் ஒன்று விலைக்கு வருகிறது. 95,000 ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றினார்களா என்று கேட்டால் தெரியாது என்கிறார் உரிமையாளர்.
(வாசகர், வள்ளியூர்)

தெரியாது என்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். கிராங்க்கையும், வால்வுகளைத் திறக்கும் கேமையும் ஒரே தாளத்தில் ஓட்டும் பெல்ட் அது. அறுந்தால் பிஸ்டன் மேலே வரும் நேரத்தில் வால்வு கீழே நிற்கும். இரண்டும் மோதி வால்வுகள் வளையும். அறுவதற்கு முன் சத்தம் கொடுத்து எச்சரிக்கும் என்று நம்பாதீர்கள். மாற்றும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் வாட்டர் பம்பையும் சேர்த்து மாற்றுங்கள், பிரிக்கிற கூலி ஒன்றுதான். 1.3 டீசல் ஸ்விஃப்ட் போன்றவற்றில் இருப்பது செயின். அதற்கும் பெல்ட் மாற்றினேன் என்று யாராவது பில் கொடுத்தால் எனக்கு எழுதுங்கள், படித்துச் சிரிக்கலாம்.

2023 வெள்ளத்தில் எங்கள் தெருவில் கார்கள் மூழ்கின. எங்கள் வண்டியைச் சரிசெய்ய ஆன செலவில் பழைய வண்டியே வாங்கியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம்தான் ஆனது. ஏன் இந்த வித்தியாசம்?
(வாசகர், சிந்துபூந்துறை)

தண்ணீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்த்தீர்களா? பெரும்பாலும் அதுதான் காரணம். டிசம்பர் 17, 18 மழைக்குப் பிறகு என் பட்டறை வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. ஒரே தெருவிலிருந்து இரண்டு வண்டிகள், இரண்டிலும் இருக்கை வரை சேறு. ஒருவர் தொடாமல் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். பேட்டரியைக் கழற்றி, பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க்கைக் கையால் சுற்றினோம். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஆயில், ஃபில்டர், ஒயர்களைக் காயவைத்த கூலி, அவ்வளவில் முடிந்தது. மற்றவர் ஓடுகிறதா பார்ப்போம் என்று செல்ஃப் அடித்திருக்கிறார். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே போக வழியில்லாமல், அதைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிட்டது. நல்ல ராடையும் அதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முருங்கைக்காய்போல் லேசான வளைவுதான். அதற்கு முழு இன்ஜினையும் இறக்க வேண்டியிருந்தது. அந்த ராட் இப்போதும் என் மேசையில் பில்கள் பறக்காமல் இருக்கக் கிடக்கிறது.

அடுத்த முறை இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது இன்ஜின் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டும் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணப் பாலிசியில், தண்ணீருக்குள் ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்குப் பணம் வாங்குவது பெரும் பாடு. ஆற்றங்கரையில் குடியிருப்பவர்கள் அந்தப் பிரிவைச் சேர்ப்பது நல்லது.

கழற்றிய பழைய சாமானைக் கேட்டால் மெக்கானிக் முகம் சுளிக்கிறார். நான் கேட்பது தவறா?
(வாசகர், களக்காடு)

வேலை முடிந்த பிறகு கேட்டால் சந்தேகம்போல் தெரியும். வண்டியை விடும்போதே, பழையதையும் புதுச் சாமானின் டப்பாவையும் டிக்கியில் போட்டு வையுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். டப்பாவில் அதிகபட்ச சில்லறை விலையும் பாகத்தின் எண்ணும் அச்சாகியிருக்கும், பில்லோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஏசி கம்ப்ரஸர் போன்ற சிலவற்றுக்கு மட்டும் பழையதைத் திருப்பிக் கொடுத்தால் விலை குறைப்பார்கள். அங்கே கேட்காதீர்கள், எவ்வளவு கழித்தார்கள் என்று பாருங்கள். என்னிடம் விடும் வண்டிகளின் பழைய சாமானைப் பையில் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். பாதிப் பேர் வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். வாரக் கடைசியில் காயலான் கடைக்காரர் வந்து எடை போட்டு எடுத்துக்கொள்கிறார், டீச் செலவுக்கு ஆகிறது.