மதுரைக்குப் போகும் வழியில்தான் வெடித்ததா?

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. சனிக்கிழமை மாலை தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று அழுதாள், இரண்டு தடவை வாந்தி. ஞாயிறு முழுக்க மெடிக்கலில் வாங்கிய வயிற்றுவலி சிரப் கொடுத்தோம். இரவு மாமியார் விளக்கெண்ணெய் கொடுத்தார். திங்கள் விடியற்காலையில் வலி நின்று தூங்கிவிட்டாள். சாயங்காலம் காய்ச்சல் ஏறி, வயிறு உப்பிவிட்டது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லி, டிரிப்ஸும் ஊசியும் போட்டு, 108-இல் மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே திறந்தபோது வெடித்துச் சீழ் பரவியிருந்தது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள். ஆனால் ‘இங்கேயே ஆபரேஷன் செய்திருந்தால் வெடித்திருக்காது, நீ ஏன் சம்மதித்தாய்’ என்று வீட்டில் எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள். வழியெல்லாம் வேகத்தடை, அதில் குலுங்கி வெடித்திருக்குமா? கொய்யா விதை காரணமா? பின்னாளில் குழந்தை பெறுவதில் சிக்கல் வருமா? 9 வயது மகனுக்கும் முன்கூட்டியே எடுத்துவிடலாமா?
— ராமநாதபுரம் மாவட்ட வாசகி

பதில்: ஆம்புலன்ஸில் ஏறும்போதே அது வெடித்துத்தான் இருந்திருக்கும். திங்கள் விடியற்காலையில் வலி நின்று தூங்கினாள் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி அதுதான். பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வெடித்திருக்கும். உப்பிய வயிறும் காய்ச்சலுமாக நீங்கள் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது அதற்குப் பல மணி நேரம் கழித்து. உங்கள் ஊரிலேயே கத்தி வைத்திருந்தாலும் அதே சீழைத்தான் பார்த்திருப்பார்கள். வீட்டில் கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

குடல்வால், அதாவது நீங்கள் சொல்லும் அப்பெண்டிக்ஸ், குலுங்கி வெடிக்கிற பலூன் இல்லை. ஒரு பக்கம் மூடிய, சுண்டுவிரல் கனம்கூட இல்லாத குழாய். அதன் வாய் அடைபட்டால் உள்ளே நீர் சேர்ந்து அழுத்தம் ஏறும், கிருமி பெருகும், சுவருக்குப் போகும் ரத்தம் குறையும், கடைசியில் சுவர் ஓரிடத்தில் அழுகி ஓட்டை விழும். ஓட்டை விழுந்ததும் அழுத்தம் இறங்கிவிடுவதால் வலியும் இறங்கும். குழந்தை அயர்ந்து தூங்கும். ‘விளக்கெண்ணெய் வேலை செய்துவிட்டது’ என்று வீடே நிம்மதியாகும். உள்ளே கசிந்த சீழ் வயிறு முழுக்கப் பரவி, காய்ச்சலும் உப்பலுமாகத் திரும்பி வரச் சில மணி நேரம் ஆகும். நடுவில் உள்ள இந்தச் சில மணி நேரம்தான் பெற்றோரை ஏமாற்றுகிறது. அனுபவம் குறைந்த மருத்துவரையும் ஏமாற்றும்.

அதனால் இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள். கூடிக்கொண்டே வந்த வயிற்றுவலி திடீரென்று நின்றால், வலியை விட்டுவிட்டுக் குழந்தையைப் பாருங்கள். சாதாரண வயிற்றுப்போக்கோ வாயுவோ என்றால் வலி போன அரை மணியில் இட்லி கேட்கும், டிவி ரிமோட்டுக்குச் சண்டை போடும். வலி போயும் குழந்தை பழையபடி ஆகவில்லை, சாப்பாட்டைத் தள்ளுகிறது, முழங்காலை மடக்கியே படுத்திருக்கிறது, எழுப்பினால் குனிந்து நடக்கிறது, ‘எங்கே, ஒரு தடவை குதி’ என்றால் மாட்டேன் என்கிறது என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். நாடித்துடிப்பும் மூச்சும் வேகமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், கிளம்புங்கள்.

நாலு வயதில் இது இன்னும் மோசம். தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி என்று பாடப்புத்தகம் சொல்வதெல்லாம் பத்து வயதுப் பையனுக்குப் பொருந்தும். நாலு வயதுக் குழந்தைக்கு வயிறு முழுக்கவே வலிதான். பெரியவர்களுக்கு வயிற்றுக்குள் கொழுப்புத் திரை ஒன்று இறங்கி வந்து, புண்பட்ட இடத்தைச் சுற்றி மூடிக்கொள்ளும். சின்னக் குழந்தைகளுக்கு அந்தத் திரை இன்னும் மெல்லியது, எட்டாது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய் என்னவென்று தெரியும்போதே வெடித்திருக்கும், உலகெங்கும் இதுதான் நிலைமை. எனவே உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் சிரப்பையும் விளக்கெண்ணெயையும் பற்றிப் பேசாமல் விட மாட்டேன். மெடிக்கல் ஷாப்பில் நிற்பவர் உங்கள் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா? பேதி மருந்து கொடுத்துக் குடலை முறுக்குவதும், குடலேறிவிட்டது என்று எண்ணெய் போட்டு வயிற்றை உருவுவதும், தொக்கம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போவதும் குடல்வால் வீங்கிய குழந்தைக்குச் செய்யக்கூடாதவை. அங்கே போகிற அரை நாள்தான் நீங்கள் இழந்த அரை நாள். வலிக்குப் பாரசிட்டமால் எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம், அது நோயை மறைத்துவிடும் என்பது பழைய பயம். கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

சரி, மதுரைக்கு ஏன் அனுப்பினார்கள்? குடல்வாலை வெட்டி எடுக்கத் தெரியாமல் அல்ல. மாவட்டத்தில் எந்தப் பொது அறுவை மருத்துவரும் அதைச் செய்வார். சிக்கல் மயக்க மருந்தில். 16 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே ஒன்றேகால் லிட்டருக்குள். மூச்சுக்குழாய் குறுகல், அதற்கேற்ற சன்னக் குழாய் வேண்டும், மருந்தை எடை பார்த்துக் கணக்கிட வேண்டும், மேஜையிலேயே உடம்பு சில்லிட்டுவிடும். வாந்தியும் காய்ச்சலும் சேர்ந்து நீர் வற்றிய, சீழ் பரவிய குழந்தை என்றால் ஆபத்து இரட்டிப்பு. தினமும் குழந்தைகளைத் தூங்கவைக்கிற மயக்க மருத்துவரும், அறுவைக்குப் பிறகு இரவெல்லாம் பார்த்துக்கொள்ளக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள இடத்துக்கு அனுப்புவது கைகழுவல் இல்லை. தன் எல்லை தெரிந்த மருத்துவர் செய்கிற காரியம்.

அதைவிட முக்கியம், ஏற்றி அனுப்பும் முன் அவர்கள் செய்தது. டிரிப்ஸும் ஊசியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஊசி ஆன்டிபயாடிக்காக இருந்திருக்கும். உங்கள் மகளுக்கான சிகிச்சை மதுரையில் தொடங்கவில்லை, அந்த ஊசியில் தொடங்கியது. நீர்ச்சத்தும் ஆன்டிபயாடிக்கும் உள்ளே போன குழந்தைக்கு இரண்டு மூன்று மணி நேரப் பயணம் பெரிதாக எதையும் கெடுப்பதில்லை. அவை போகாமல் சொந்தக் காரில், மடியில் படுக்கவைத்து, வழியில் பாலும் பிஸ்கட்டும் கொடுத்துக்கொண்டு வருகிற குழந்தையைக் கண்டால்தான் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அந்தப் பால் செரிக்கும்வரை மயக்கம் கொடுக்க யோசிக்க வேண்டும். வேறு யாருக்காவது இந்த நிலை வந்தால் கிளம்பும் முன் கேளுங்கள்: முதல் டோஸ் ஆன்டிபயாடிக் போட்டாயிற்றா, எத்தனை மணிக்கு? போகிற இடத்துக்குப் போன் செய்தாயிற்றா? ஸ்கேனும் ரத்த ரிப்போர்ட்டும் கையில் இருக்கின்றனவா?

‘ஆறு மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் வெடிக்கும்’ என்று யூடியூப்பில் பயமுறுத்துகிறவர்கள் எந்தக் கணக்கில் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. பின்லாந்திலும் நார்வேயிலும் பெரியவர்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், வெடிக்காத குடல்வால் அழற்சியை 8 மணி நேரத்துக்குள் எடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் எடுத்தாலும் வெடிக்கும் விகிதத்தில் வித்தியாசம் இல்லை. குழந்தைகளுக்கும் வழிகாட்டு நெறிகள் சொல்வது 24 மணி நேரம்தான். இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்குவது ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு. வீட்டில் கழியும் நேரத்துக்கு இந்தச் சலுகை கிடையாது.

எல்லாப் பிள்ளையையும் மதுரைக்கோ எழும்பூருக்கோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றும் இல்லை. 12 வயது, வேறு நோய் இல்லை, வெடித்த அறிகுறி இல்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே நன்றாகச் செய்வார்கள். பெரிய ஊர் மோகத்தில் அலைவதும் தாமதம்தான். இன்னொன்று, உங்கள் மகனுக்காகச் சொல்கிறேன். அடிவயிறு வலிக்கிறது என்கிற பையனின் கால்சட்டையைக் கழற்றி விரைகளைப் பார்க்காமல் எந்த ஊருக்கும் கிளம்பக் கூடாது. விரை முறுக்கிக்கொண்டதாக இருந்தால் ஏறக்குறைய ஆறு மணி நேரம்தான் அவகாசம். அதற்குப் பக்கத்தில் எந்த அறுவை அரங்கு உண்டோ அங்கேயே.

வேகத்தடை வெடிக்கவைக்காது. 2012-இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில், வருகிற வழியில் வேகத்தடை ஏறியபோது வலி கூடியதா என்று நோயாளிகளைக் கேட்டார்கள். குடல்வால் அழற்சி உறுதியான 34 பேரில் 33 பேர் ஆம் என்றார்கள். குலுங்கும்போது வலிப்பது நோயின் அடையாளம், அவ்வளவே. கொய்யா விதையை விடுங்கள், பழம் சாப்பிடட்டும். குழந்தைப் பேறு பற்றிய கவலையும் வேண்டாம். ஸ்வீடனில் சிறுவயதில் குடல்வால் எடுத்த ஆயிரக்கணக்கான பெண்களை ஆராய்ந்து 1999-இல் வெளியான ஆய்வில், வெடித்தவர்களுக்கும் பிற்காலத்தில் குழந்தை பெறுவதில் குறை தெரியவில்லை. மகனின் குடல்வால் ஒழுங்காக இருக்கும்போது அதைத் தொடுவானேன்?

இனி நீங்கள் கவனிக்க வேண்டியது மகளைத்தான். வெடித்த குடல்வாலுக்குப் பிறகு முதல் சில வாரங்களில் வயிற்றுக்குள் மிச்சச் சீழ் கட்டியாகச் சேரக்கூடும். காய்ச்சல் திரும்ப வந்தால், சாப்பாடு மறுபடி குறைந்தால், சளி கலந்து அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மலம் போனால், சிறுநீர் போகும்போது அழுதால், அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மெடிக்கலுக்குப் போகாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்த அதே இடத்துக்குப் போங்கள், அன்றைக்கே.